மார்ஜின் 6 இருக்கு, லைன் சுத்தம் என்றார்கள்

மூன்று வாரம் இதே கதை. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் பிராட்பேண்ட் இணைப்பு அறுந்துபோகும், ஒரு நிமிடத்தில் தானாகவே திரும்பி வரும், வந்த பிறகு வேகம் நொண்டும். சேவை நிறுவனத்துக்குப் போன் போட்டால், அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு "மார்ஜின் 6 டெசிபல் இருக்கு சார், லைன் சுத்தம்" என்பார்கள். மார்ஜின் என்பது, இரைச்சல் இன்னும் எவ்வளவு ஏறினாலும் லைன் தாங்கும் என்ற கையிருப்பு; அதை அளப்பது டெசிபலில். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் வேடிக்கை.

சரி, நாமே பார்ப்போம் என்று மோடத்தின் நிலைப் பக்கத்தைத் திறந்து மணிக்கொரு முறை எண்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என்னுடையது தொலைபேசியின் செப்புக் கம்பியிலேயே வரும் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் வகை இணைப்பு. அட்டெனுவேஷன், அதாவது கம்பியில் வரும் வழியிலேயே சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது, இரவும் பகலும் 30 டெசிபல்தான். கம்பி அறுந்தோ ஈரம் ஏறியோ இருந்தால் இது இப்படி அசையாமல் நிற்காது என்று கம்பியை விட்டுவிட்டேன்.

எஸ்.என்.ஆர். மார்ஜின்தான் (எஸ்.என்.ஆர். என்றால் சிக்னல்-இரைச்சல் விகிதம்; அவர்கள் சொன்ன அதே மார்ஜின்) குழப்பியது. பகலில் வேகம் 14 எம்.பி.பி.எஸ்., மார்ஜின் 6. ஏழு மணிக்கு அறுந்து திரும்பியதும் 10 எம்.பி.பி.எஸ்., மார்ஜின் மறுபடி 6. நள்ளிரவில் அதே 10, மார்ஜின் மட்டும் 13! ராத்திரியில் லைன் அற்புதமாகிவிட்டதா என்ன?

இல்லை. மோடம் இணையும்போது தனக்குத் தெரிந்த ஒரு சிக்னலை வாங்கிப் பார்த்து, வந்தது எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதிலிருந்து இரைச்சலை அளக்கிறது. அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 512 துண்டாக்கி, ஒவ்வொன்றும் எத்தனை பிட் தாங்கும் என்று தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. ஒரு பிட் கூட்ட ஏறக்குறைய 3 டெசிபல் செலவு. இரைச்சல் இன்னும் 6 டெசிபல் ஏறினாலும் பிழை கோடி பிட்டுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது என்று கையிருப்பு வைத்துக்கொண்டு, மிச்சத்தை வேகமாக மாற்றிவிடும். அதனால் இணைந்த உடனே பார்த்தால், லைன் நாறிக் கிடந்தாலும் 6தான் காட்டும். வேகத்தைப் பார்க்காமல் மார்ஜினை மட்டும் பார்ப்பது, செலவைக் கேட்காமல் பர்ஸில் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது மாதிரி. நள்ளிரவு 13க்கும் இதே விளக்கம்தான்: இரைச்சல் போய்விட்டது, என் மோடம் பழைய 10லேயே உட்கார்ந்திருக்கிறது. காலையில் அணைத்துப் போட்டால்தான் 14 திரும்பும்.

முதலில் சந்தேகப்பட்டது மீடியம் வேவ் ரேடியோவை. இருட்டிய பிறகு அந்த அலைகள் வானில் பட்டுத் திரும்பித் தூரம் போகும், ஏ.டி.எஸ்.எல். அலைவரிசையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்கு நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தபோது மார்ஜின் மெல்ல இறங்கவில்லை, 6லிருந்து ஒரே குதியாகப் பூஜ்யத்துக்குக் கீழே போனது, கூடவே சி.ஆர்.சி. பிழைகள், அதாவது சிதைந்து வந்த தரவுத் துண்டுகள், ஆயிரக்கணக்கில். சூரியன் ஸ்விட்ச் போட்டா மறைகிறது?

அப்புறம் ஒரு பழைய பேட்டரி ரேடியோவை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் மீடியம் வேவில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். (வீட்டில் உள்ளவர்கள் பார்த்த பார்வையை எழுத முடியாது.) படிக்கும் மேஜையருகே போனதும் காது கிழியும் அளவுக்கு கரகரப்பு. எல்.ஈ.டி. மேஜை விளக்கின் அடாப்டர்! தினம் ஏழு மணிக்கு அதைப் போடுவது நான்தான். அதன் வயர் தொலைபேசி வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டு, போன் பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வரை போகிறது, கட்டியதும் நானேதான்.

விளக்கை மாற்றி, இரண்டு வயரையும் பிரித்துவிட்டேன். இப்போது பத்து நாளாக 14லேயே நிற்கிறது. இருட்டிய பிறகு மார்ஜின் 6லிருந்து 5க்கு மெல்ல இறங்கும், விடிந்தால் ஏறிவிடும். அது ரேடியோ நிலையங்களாகத்தான் இருக்கும், அதை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.