இழுக்காமலே எழுந்த மூக்கு

கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் வந்திறங்கிய பிறகும் வலது கட்டைவிரலில் அந்தச் சக்கரத்தின் சொரசொரப்பு இருக்கிறது.

காலைப் பயிற்சியில், செஸ்னா 172 என்ற சிறு விமானம், ஓடுபாதையில் மூக்கைத் தூக்க வேண்டிய 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தை எட்டுவதற்குள்ளாகவே, நான் கைப்பிடியை இழுக்காமல் அதன் மூக்கு எழுந்தது.

முந்தைய தரையிறக்கத்துக்காக மூக்கு உயரும்படி வைத்திருந்த டிரிம் சக்கரத்தை (கைப்பிடியில் விழும் பாரத்தைக் குறைக்கும் சக்கரம்) நான் புறப்பாட்டுக் குறிக்குத் திருப்பவில்லை. சரிபார்ப்புப் பட்டியலின் அந்த வரியை வாய் படித்தது, கண் பார்க்கவில்லை.

விட்டால் மூக்கு இன்னும் உயர்ந்து, வேகம் சரிந்து, தரைக்கு அருகிலேயே இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும்.

“முதலில் தள்ளு” என்றார் பயிற்றுநர்.

இடக்கையால் யோக் எனும் அந்தக் கைப்பிடியை முன்னே அழுத்திப் பிடித்து, வேகமானி முள் ஏறுவதைப் பார்த்தபடி, வலக்கையால் சக்கரத்தை உருட்ட உருட்ட, அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டு இறங்கியது.

“ஏன் கண்ணு, சோறு அப்படியே இருக்கு?” என்கிறார் அம்மா.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை.