பூங்காவின் பயனைக் கணக்கில் காட்டப் பட்ட பாடு

ஒருவழியாக அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பொதுப் பூங்காவுக்கும் அங்கே நடக்கும் இலவசத் தொழிற்பயிற்சி வகுப்புக்கும் நிதி தொடர வேண்டுமானால், இரண்டாலும் வரும் பொருளாதாரப் பயனைக் கணக்கிட்டுக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். முறையைத் தேர்ந்தெடுப்பதில் சிரமமில்லை. கட்டணமில்லாத இடத்துக்குப் பயணச் செலவு முறை இருக்கவே இருக்கிறது: அங்கே வந்துபோக மக்கள் செலவிடுவதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடுவது. பொருளியலாளர் ஹோட்டெல்லிங் 1947-லேயே அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குச் சொன்ன யோசனை.

உயிரை வாங்கியது எண்ணிக்கைதான். வாசலில் இருந்த கருவி உள்ளே போகிறவரையும் வெளியே வருகிறவரையும் சேர்த்தே எண்ணியிருக்கிறது. சரி, பாதியாக்கிக்கொள்ளலாம் என்றால், பக்கவாட்டு வாசலில் கருவியே கிடையாது. பதிவேடு கேட்டேன். "அதெல்லாம் மேலே அனுப்பியாச்சு" என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே. மேலே போனால் மாத மொத்தம் மட்டும் இருக்கிறது, தினக்கணக்கு இல்லை. கடைசியில் வேலைநாள், விடுமுறை நாள் எனப் பிரித்து, இரண்டு வாசலிலும் நாங்களே உட்கார்ந்து எண்ணினோம். எத்தனை முறை வருகிறீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தினமும் நடக்க வருகிற ஒருவரே பல பேராகிவிடுவார்.

பூங்காவை ஒட்டியே குடியிருப்பவருக்குப் பயணச் செலவே இல்லை; அதற்காக அவருக்குப் பயனே இல்லையா? அவர்களிடம் மட்டும், இதைக் காப்பாற்ற ஆண்டுக்கு இவ்வளவு கூடுதல் வரி கட்டச் சம்மதமா, இல்லையா என்று கேட்டோம். "எவ்வளவு தருவீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வாய்க்கு வந்த தொகை வரும். இப்படிக் கேட்டு மதிப்பிடும் முறையை ஆராய, பொருளியலாளர்கள் ஆரோவும் சோலோவும் தலைமை வகித்த 1993 அமெரிக்க நிபுணர் குழுவும் ஆம்-இல்லை கேள்வியைத்தான் பரிந்துரைத்தது.

அப்புறம் நிதிப் பிரிவு. பழைய அறிக்கையில் பூங்காவால் அக்கம்பக்கத்தில் ஏறிய வீட்டு விலை உயர்வையும் சேர்த்திருக்கிறார்களே, உங்கள் தொகை ஏன் குறைவு என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். குடியிருப்பவர் பெறும் அதே பயன்தான் வீட்டு விலையில் ஏறி நிற்கிறது, இரண்டையும் கூட்டினால் இரட்டைக் கணக்கு என்று எழுதிக் கொடுத்தேன். மறுபேச்சு வரவில்லை! பயிற்சி வகுப்பில் இன்னொரு பொறி: அங்கே படித்து வேலைக்குப் போனவர்களில், வகுப்பு இல்லாமலே போயிருக்கக்கூடியவர்களைக் கழித்தாக வேண்டும்.

தள்ளுபடி விகிதத்தை, அதாவது பின்னால் வரும் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு விகிதத்தை, முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 20 ஆண்டு கழித்து வரும் 100, பிரிட்டிஷ் கருவூலம் வழக்கமாக வைக்கும் 3.5 சதவீதத்தில் இன்று சுமார் 50. 7 சதவீதம் என்றால் 26-தான். எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்கள், மொத்தத்தையும் மறுபடி போட்டோம்.