ரோமில் புனித மோனிக்காவின் கல்லறையில்

ரோமுக்குத் திருப்பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் நான்கு பெரிய பசிலிக்காக்களோடு திரும்பிவிடுவார்கள். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் புனித அகுஸ்தீனார் ஆலயம் பலருடைய பயணத் திட்டத்தில் வராது. நான் ரோமுக்குப் போனதே அந்த ஆலயத்துக்காகத்தான். விசுவாசத்தை விட்டு விலகிப்போன மகன் அகுஸ்தீனார் மனம் திரும்ப வேண்டும் என்று வருடக்கணக்கில் அழுது செபித்த புனித மோனிக்கா அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

வாசலைத் தாண்டியதும் சான்சோவினோ செதுக்கிய பளிங்கு அன்னை அமர்ந்திருக்கிறார். பேறுகால அன்னை என்று பெயர். சுற்றிலும் இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் ரிப்பன்கள், பச்சிளம் குழந்தைகளின் படங்கள். குழந்தை வரம் கேட்டு வந்தவர்கள், சுகப்பிரசவம் வேண்டி வந்தவர்கள், பெற்றெடுத்த பிறகு நன்றி சொல்ல வந்தவர்கள் விட்டுப்போனவை. எத்தனையோ பேர் முத்தமிட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள்.

இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோவின் ஓவியம். வீட்டு வாசற்படியில் பாலனை ஏந்தியபடி அன்னை மரியா. கீழே முழங்காலிட்ட இரண்டு ஏழைத் திருப்பயணிகள். கிழவியின் தலைத்துணி கிழிந்திருக்கிறது. ஆணின் வெறுங்கால் அழுக்கு நம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அன்னை பாலனை மார்போடு அணைத்து உள்ளே திரும்பிக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத அந்த இருவரும் பார்க்கட்டும் என்று அவர்கள் பக்கமாகவே ஏந்தி நிற்கிறார். அங்கே வெகுநேரம் நின்றேன்.

மோனிக்காவின் சிற்றாலயம் பீடத்துக்கு இடப்பக்கம். ரோமுக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான ஓஸ்தியாவில் இருந்த அவரது அருளிக்கங்களை, அதாவது உடலின் எச்சங்களை, 1430-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் காலத்தில் ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். கூட்டம் இல்லை. உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன், ஆனால் மனம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்துக்குத்தான் போனது.

அது 383-ஆம் ஆண்டு. அகுஸ்தீனார் ரோமுக்குக் கப்பலேறக் கிளம்புகிறார். போகாதே, போவதானால் என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா பிடித்துக்கொள்கிறார். நண்பனை வழியனுப்பத்தான் வந்தேன் என்று மகன் பொய் சொல்லி, கப்பலுக்குப் பக்கத்தில் இருந்த புனித சிப்ரியானின் நினைவிடத்தில் இரவு தங்கச் சம்மதிக்கவைக்கிறார். மகன் போகக் கூடாது என்று அம்மா அங்கே அழுது செபித்துக்கொண்டிருக்க, கப்பல் போயேவிட்டது. விடிந்ததும் கரையில் நின்று அவர் கதறியதை மகனே பிற்காலத்தில் தன் வாழ்க்கையைச் சொல்லும் நூலில் எழுதினார்.

எழுதியதோடு இன்னொன்றும் சேர்த்தார்: அந்த இரவு அம்மா கேட்டதைக் கடவுள் தராமல் இருந்ததே, அவர் காலமெல்லாம் கேட்டுவந்ததைத் தருவதற்காகத்தான். அந்தக் கப்பல்தான் அவரை இத்தாலியில் சேர்த்தது. அங்கே மிலான் ஆயர் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அவர் கையாலேயே திருமுழுக்குப் பெற்றார். மோனிக்கா நினைத்தபடி மகன் கரையிலேயே தங்கியிருந்தால்?

என் மகனும் வளர்ந்தவன், கோயில் பக்கம் வருவதில்லை. அவனுக்காகச் செபிக்கும்போது, எந்த வழியில், யார் மூலமாக, எவ்வளவு சீக்கிரம் என்று கடவுளுக்கே திட்டம் வகுத்துக்கொடுக்கத் தோன்றுகிறது. தாய்மனம் அப்படித்தான். தாய்மார்களுக்கு உரிய விதத்தில், ஆனால் மற்றவர்களைவிட அதிகமாகவே, தன்னைக் கூடவே வைத்துக்கொள்ள அம்மா விரும்பினார் என்று அகுஸ்தீனாரும் சொல்கிறார். இந்தப் பாசத்தைக் குற்றம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் பாசத்துக்குள்ளேயே பிடியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது பாசம், இது பிடி என்று பெற்றவளால் எளிதில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

மோனிக்காவுக்கும் அது ஒரே நாளில் விட்டுப்போகவில்லை. மகனோடு பேசி வாதாடித் திருத்துங்கள் என்று ஓர் ஆயரை விடாமல் கேட்டார். இப்போது சொன்னால் ஏறாது, விட்டுவிடுங்கள், செபம் மட்டும் செய்யுங்கள் என்றார் ஆயர். அம்மா ஓயவில்லை. கடைசியில்தான் இத்தனை கண்ணீருக்குப் பிள்ளையானவன் அழிந்துபோக மாட்டான் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆறுதல் வார்த்தை மட்டும்தான் நம் நினைவில் நிற்கிறது. அதற்கு முன் சொன்ன 'விட்டுவிடுங்கள்' எனக்கு இன்னும் பெரிய அருள்வாக்காகப் படுகிறது.

மகனைத் தேடிப் பின்னாலேயே மோனிக்கா வந்துசேர்ந்த மிலானில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. மகனுக்கு முறையான திருமணம் ஏற்பாடு செய்வதில் முன்நின்றவர் மோனிக்காதான். அதற்காக, பல ஆண்டுகள் அகுஸ்தீனாரோடு வாழ்ந்து அதெயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுக்கொடுத்த பெண் ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பிள்ளை தகப்பனிடமே இருந்துவிட்டான். அவளும் ஒரு தாய். அவள் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தத் திருமணமும் நடக்கவில்லை. மோனிக்காவை நான் நேசிக்கிறேன், ஆனாலும் இந்த ஏற்பாட்டைச் சரி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயர் தெரியாத தாய்க்காகவும் அங்கே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன்.

அடுத்த நாள் ஓஸ்தியா. மோனிக்காவும் அகுஸ்தீனாரும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பக் கப்பலேறக் காத்திருந்த ஊர் அது. தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலோரம் தாயும் மகனும் நித்திய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததும், சில நாளில் அம்மா காய்ச்சலில் படுத்ததும் அங்கேதான். புனித அவுரேயா ஆலயத்துக்குப் பக்கத்தில் சிறுவர்கள் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, 1945-இல், மோனிக்காவின் கல்லறைக் கல்வெட்டில் ஒரு துண்டு கிடைத்தது. உடைந்த பளிங்கு, பாதியில் நின்றுபோகும் லத்தீன் வரிகள். ஆலயத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

கணவர் பத்ரீசியுசின் பக்கத்திலேயே தன்னையும் புதைக்க வேண்டும் என்று சொந்த ஊரில் இடம்கூடத் தயார் செய்து வைத்திருந்தவர் மோனிக்கா. சாகக் கிடக்கும்போது, சொந்த மண்ணில் இறந்தால் நல்லது என்று இன்னொரு மகன் நவிகியுஸ் சொல்லப்போக, இவன் பேச்சைப் பார் என்று அகுஸ்தீனாரிடம் சொல்லிவிட்டு, இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுப்போகப் பயமில்லையா என்று சிலர் கேட்டதற்கு, கடவுளுக்கு எதுவும் தூரமில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போகாது என்றாராம். ஐம்பத்தாறு வயதில் அங்கேயே உயிர் பிரிந்தது.

தன் நூலைப் படிப்பவர்கள் பீடத்தில் தன் பெற்றோரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அகுஸ்தீனார் கேட்டிருக்கிறார். அதனால் ஓஸ்தியாவில் முதலில் மோனிக்கா, பத்ரீசியுஸ் என்ற இரண்டு பெயர்களையும் சொன்னேன். அப்புறம் என் மகன் பெயரை. அவனுக்கு இதைச் செய்யும், அதைச் செய்யும் என்று எதுவும் சேர்க்கவில்லை.