எஃகு எண்களை இப்படித்தான் படித்தேன் (மெயின்ஸ், நேர்முகத் தேர்வு)

குடிமைப் பணித் தேர்வின் இறுதிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இப்போதுதான் மூச்சு சீராகிறது. பொருளாதாரப் புள்ளிவிவரங்களை எப்படி நினைவில் வைத்தீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். எஃகை மட்டும் வைத்துச் சொல்கிறேன். நான் உலோகவியல் படித்தவன். விண்ணப்பத்தில் அதைப் பார்த்த போர்டு (நேர்முகத் தேர்வுக் குழு) அங்கேயே நின்றுவிட்டது.

எந்த எண்ணையும் தனியாக எழுதி வைக்காதீர்கள். எந்த எஃகு, எந்த ஆண்டு, யார் கொடுத்த கணக்கு என்ற மூன்றும் கூடவே இருக்க வேண்டும். என் தயாரிப்பில் உண்மையில் பலன் தந்தது இது ஒன்றுதான்.

இந்தியாவின் உற்பத்திக்கு 140, 144, 139 மில்லியன் டன் என்று மூன்று எண்கள் நோட்ஸ்களில் சுற்றுகின்றன. மூன்றும் சரியே. 140 என்பது 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கச்சா எஃகு, அதாவது உருக்கி வார்த்து, இன்னும் உருட்டாத எஃகு; உலக எஃகு சங்கத்தின் கணக்கு. 144 என்பதும் கச்சா எஃகுதான், ஆனால் 2023-24 நிதியாண்டுக்கு, எஃகுப் புள்ளிவிவரங்களைத் திரட்டும், கொல்கத்தாவில் இருக்கும் ஜாயின்ட் பிளான்ட் கமிட்டி கொடுத்தது. 139 அதே நிதியாண்டின் முடிவுற்ற எஃகு, அதாவது உருட்டாலையைத் தாண்டி விற்பனைக்குத் தயாரான சரக்கு. உலகில் இரண்டாம் இடம் என்று எழுதும்போது கச்சா எஃகைத்தான் சொல்ல வேண்டும். 2018இல் ஜப்பானை முந்தியது அந்தக் கணக்கில்தான்.

நுகர்வை யாரும் கட்டடம் கட்டடமாகப் போய் அளப்பதில்லை. முடிவுற்ற எஃகு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பு மாற்றத்தைச் சரிசெய்தால் வருவது அது. 2023-24இல் சுமார் 136 மில்லியன் டன். தலைக்கு ஏறத்தாழ 98 கிலோ. உலக சராசரி 200 கிலோவுக்கு மேல். 2017 தேசிய எஃகுக் கொள்கை 2030-31க்கு வைத்த இலக்கு 158 கிலோ. இந்த இடைவெளியை எழுதினால் வீட்டுவசதி, ரயில்வே, கிராமப்புறம் என்று ஜிஎஸ் 3 (மெயின்ஸின் மூன்றாம் பொது அறிவுத் தாள்) விடை தானாக விரியும்.

போர்டில் கேட்டது: "நாம் எஃகை ஏற்றுமதி செய்கிற நாடா, இறக்குமதி செய்கிற நாடா?" எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது ஐயா என்றேன். 2021-22இல் ஏற்றுமதி 13 மில்லியன் டன்னைத் தாண்டியது. 2022 மே மாதம் ஏற்றுமதி வரி விதித்தார்கள், நவம்பரில் எடுத்தார்கள். அந்த நிதியாண்டில் ஏற்றுமதி பாதியாகச் சரிந்தாலும் இறக்குமதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. 2023-24இல் தராசு மறுபக்கம் சாய்ந்தது. தலைவர் தலையசைத்தார். அதன் பிறகு என் பதற்றம் போய்விட்டது.

மற்றவை:

- தசமம் வேண்டாம், முழு எண் போதும். விதிவிலக்கு: 2011-12 தொடரில் எட்டு முக்கியத் தொழில்களின் உற்பத்திக் குறியீட்டில் எஃகின் எடை, அதாவது பங்கு, 17.92 சதவீதம். பிரிலிம்ஸுக்கு வரிசைதான் முக்கியம்: சுத்திகரிப்பு, மின்சாரம், எஃகு, நிலக்கரி.
- கடற்பஞ்சு இரும்பு (தாதுவை உருக்காமலே ஆக்சிஜனை நீக்கி எடுக்கும் இரும்பு) உற்பத்தியில் இந்தியா முதலிடம். எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.
- கையால் எழுதுங்கள். செயலி அட்டைகள் எனக்கு ஒத்துவரவில்லை.
- 2030-31 கொள்ளளவு இலக்கு 300 மில்லியன் டன், உற்பத்தி இலக்கு 255. இரண்டையும் மாற்றி எழுதிய விடைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.
- நேர்முகத்துக்கு முந்தைய வாரம் எஃகு அமைச்சகத்தின் மாதச் சுருக்கத்தைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் தட்டை எஃகு (தகடு, சுருள் போன்றவை) இறக்குமதிக்கு 12% தற்காலிகப் பாதுகாப்பு வரி வந்தது. அதற்குப் பின் இறக்குமதி எப்படிப் போகிறது என்று கேட்க வாய்ப்பு அதிகம்.