தேனீயும் மீன்தான்

கலிபோர்னியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மே மாதம் தந்த ஒரு தீர்ப்பு மனசை விட்டுப் போகவே இல்லை. பம்பிள் தேனீயைச் சட்டப்படி மீனாகக் கருதலாம் என்கிறது அது.

அழியும் நிலையில் உள்ள உயிர்களைக் காக்கும் அந்த மாநிலச் சட்டத்தில் பறவை, பாலூட்டி, மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன, தாவரம் என்றுதான் இருக்கிறது. பூச்சி என்ற சொல் இல்லை. நான்கு வகைப் பம்பிள் தேனீக்களுக்குப் பாதுகாப்பு தரும் முயற்சி தொடங்கியதும் பாதாம் விவசாயிகள் தரப்பு வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார்கள்.

மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஊர் வழக்கில் மீன் என்றால் என்ன என்று கேட்கவில்லை. மாநிலத்தின் மீன், வேட்டை உயிர்கள் பற்றிய சட்டத்தொகுப்பே 'மீன்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தைப் பார்த்தார்கள். 1969-லேயே அதில் முதுகெலும்பில்லாத உயிர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. சரி, நீரில் வாழ்பவை மட்டும்தானே? அதுவும் இல்லை. தரையில் வாழும் ஒரு நத்தைக்கு 1980-லேயே, முந்தைய சட்டத்தின் கீழ், பாதுகாப்பு கிடைத்திருந்தது. எனக்கு இந்த நத்தைதான் வலுவான வாதமாகப் படுகிறது. சட்டமன்றம் அதை அறிந்தே 1984-ல் இப்போதைய பாதுகாப்புச் சட்டத்தை எழுதியது.

தேனீக்கள் பிழைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனாலும் சட்டத்தைப் படிக்கும் சாதாரண மனிதருக்கு இது எப்படிப் புரியும் என்ற கவலையும் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்தது. மறுத்ததாலேயே தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள் இல்லை என்று தலைமை நீதிபதி தனியாக எழுதி வைத்தார்.