லா பாஸ் வந்தாச்சு!

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து டிட்டிகாகா ஏரிக்கரை வழியாக, முதுகில் பையும் கையில் பஸ் டிக்கெட்டுமாக, நானும் தோழியும் பொலிவியாவின் லா பாஸுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். ஊரே சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வருகிறவர்கள் முதல் நாள் எங்கும் அலையாமல், கோக்கா இலை போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுப் படுங்கள்.

அப்புறம் கேபிள் கார். 2014இல் ஓடத் தொடங்கிய இது வேடிக்கை பார்க்க மட்டும் இல்லை, ஊர்ச்சனம் வேலைக்குப் போகும் வண்டி! சிவப்புத் தடத்தில், மேலே இருக்கும் பக்கத்து நகரமான எல் ஆல்ட்டோவுக்கு ஏறும்போது எதிரே ஓர் அம்மா, வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னல், முதுகில் வண்ணத் துணியில் கட்டிய குழந்தை. கீழே செங்கல் வீடுகளும் பெரிய கல்லறைத் தோட்டமும் நகர்ந்துகொண்டே இருந்தன.

ஆனால் மனசு இன்னும் குஸ்கோவில்தான். ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் சாந்தே இல்லாமல் அடுக்கிய சுவரில் பன்னிரண்டு மூலை கொண்ட ஒரு கல், ஊசி நுழைய இடமில்லாமல் பொருந்தி நிற்கிறது. 1950 நிலநடுக்கத்தில் ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ தேவாலயம் பலத்த சேதமடைந்தபோதும், அதற்கு அடியில் இருந்த இன்காக்களின் கொரிகாஞ்சா கோயில் சுவர்கள் தாங்கி நின்றன. இதைப் பார்க்காமல் நேரே மலைமேல் இருக்கும் இன்கா நகரமான மச்சு பிச்சுவுக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து குஸ்கோவுக்கென்று இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.