மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஆன கதை

கம்போடியாவின் சியம் ரீப் ஊரில் சூரிய உதயம் பார்க்கப் போகாத சுற்றுலாக்காரர்கள் நாங்களாகத்தான் இருப்போம். அங்கோர் வாட்டுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் பார்க்க ஊரே நாலரைக்குக் கிளம்பும். "37 டாலர் பாஸ் வாங்கியாச்சு, கோயில் எங்கேயும் ஓடிடாது, 7 மணிக்குப் போனாப் போதும்" என்பது வீட்டம்மாவின் கட்சி.

5 மணிக்கே ஸ்பீக்கர் அலறியது. எட்டிப் பார்த்தால் தெருவில் பாதியை மறித்துப் பந்தல், வாசலில் வாழைப்பழத் தார். "ஏங்க, நம்ம ஊருக்கே திரும்பிட்டோமா?" என்றாள்.

எங்கள் டுக்டுக் ஓட்டுநர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மழைக்காலத்தில் பிக்குகள் விகாரையிலேயே தங்கிவிடும் மூன்று மாதமும் கம்போடியாவில் பெரும்பாலும் கல்யாணம் வைக்கமாட்டார்களாம். நம்ம ஆடி மாதிரிதான். அது முடிந்து நவம்பர் பிறந்தால் தெருவுக்குத் தெரு பந்தல். வண்டி போகாது, காத்திருக்கத்தான் வேண்டும்.

தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டோடு வரிசை கட்டினார்கள். ஆப்பிள், டிராகன் பழம், கேக், கோலா டின், அட, பீர் டின்கூட! எல்லாம் சரசரக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஜோடி ஜோடியாக. ஒரு ஜோடிக்கு ஆள் குறைந்தது போல. பட்டுப்புடவை மாதிரி ஏதோ கட்டியிருந்த ஒரு பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்த நொடி என் கையில் ஒரு தட்டு, அவள் கையில் ஒரு தட்டு. அவளுக்கு ஆரஞ்சு. எனக்கு ஏன் இவ்வளவு கனம் என்று குனிந்து பார்த்தால், முழுசாக ஒரு பன்றித் தொடை. பரம்பரை சைவம் நான். கீழே வைக்க முடியுமா? மேளம் கிளம்பிவிட்டது.

பெண் வீட்டு வாசலில் தட்டை ஒப்படைத்ததும் அரிசிக் கஞ்சி கொடுத்தார்கள். அதற்குள் என்ன மிதக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை பெண்ணின் மேலாடை நுனியைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து போனார். நாங்கள் இந்தியா என்று தெரிந்ததும் ஓட்டுநருக்கு உற்சாகம். இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த ப்ரீஹ் தோங் என்ற இளவரசன், நாக இளவரசியின் மேலாடையைப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்கடியில் மாமனார் வீட்டுக்குப் போனானாம். அந்த வழக்கம்தான் இது என்றார்.

"வீட்டோட மாப்பிள்ளை! அப்பவே நம்ம ஆளுங்க எவ்வளவு நல்லவங்களா இருந்திருக்காங்க" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லவில்லை, கஞ்சி சூடு.

மத்தியானம் கோயிலைச் சுற்றினோம், வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் விருந்துக்கும் வரச் சொல்லியிருந்தார்கள். பெண் அதற்குள் எத்தனையோ உடுப்பு மாற்றியிருந்தாள், அடையாளமே தெரியவில்லை. பந்தல் வாசலில் மேசை, பெட்டி, உறை, நோட்டுப் புத்தகத்தோடு இருவர். மொய்! டாலரை உறையில் போட்டு நீட்டினேன். அவர் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் உள்ளே நகர்ந்தேன், அவள் நகரவில்லை. "ஊர்ப் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க திருப்பிச் செய்யணும்ல?"